"ரேகை விழவில்லை": விரல்ரேகைக் கருவி எப்படி வேலை செய்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை எந்தக் கடற்கரை ஊரின் ரேஷன் கடைக்குப் போனாலும், பொருள் போடும் நாளில் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ரேகை விழல."

எங்கள் பெரியம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்பாசி எடுக்கப் போகிறவர். சென்ற ஆண்டு ஒரு நாள் அவருடன் கடைக்குப் போயிருந்தேன். வலது பெருவிரலை வைத்தார்; விழவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் இல்லை. "தலையில தேய்ச்சு வைங்கம்மா" என்றார் விற்பனையாளர். தலைமுடியில் தேய்த்து நடுவிரலை வைத்தும் சிவப்புச் செய்திதான் வந்தது. கடைசியில் இடது கையின் ஏதோ ஒரு விரலுக்கு மனமிரங்கிக் கருவி ரசீதைத் துப்பியது. திரும்பி வரும் வழியில் பெரியம்மா கேட்டார்: "முப்பது வருசமா இதே கடை, இதே கார்டு. இப்ப நான் நானில்லைன்னு மிசினு சொல்லுதே, அது எப்படி?"

அவருடைய கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. கருவி அப்படிச் சொல்லவே இல்லை என்பது விடையின் சுருக்கம். அது என்னதான் சொன்னது என்று விளங்கிக்கொள்ள, விரலிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும்.

கைரேகை என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கும் குழப்பம்

தமிழில் கைரேகை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சோதிடர் பார்க்கும் உள்ளங்கைக் கோடுகள். ஆயுள் ரேகை, புத்தி ரேகை என்று அவர் விரலால் தடவிக் காட்டும் அந்தக் கோடுகள் உண்மையில் மடிப்புகள். சேலையை மடித்த இடத்தில் தடம் விழுவதுபோல, கை மடங்கும் இடங்களில் அவை அமைந்திருக்கின்றன. ரேஷன் கடைக் கருவிக்கும் அவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கருவி பார்ப்பது விரல் நுனியின் உட்புறத்தில் இருக்கும் மிக நுண்ணிய வரிகளை. அவற்றில் மேடாக இருப்பதை முகடு என்றும், இரண்டு முகடுகளுக்கு இடையே தாழ்ந்திருப்பதைப் பள்ளம் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்லலாம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சோதிடத்திலும் இந்த வரிகளுக்கு ஓர் இடம் உண்டு: விரல் நுனியில் எத்தனை சக்கரம், எத்தனை சங்கு என்று எண்ணுவார்கள். பலன்கள் எப்படியோ, பார்வை சரியானதுதான். சக்கரம் என்று நம்மவர்கள் சொல்லும் சுழிவடிவத்தையும், சங்கு என்று சொல்லும் வளைந்து திரும்பும் வடிவத்தையும் ரேகை நிபுணர்களும் தனித்தனி வகைகளாகவே பிரிக்கிறார்கள். மூன்றாவதாக வில்போல் வளைந்து மறுபக்கம் இறங்கிவிடும் வகை ஒன்றும் உண்டு. அது அரிது, ஏறத்தாழ 5 விழுக்காடு விரல்களில்தான் காணப்படுகிறது.

மணல்வரியும் விரல்வரியும்

கடல் உள்வாங்கிய காலையில் தென்கடல் ஓரம் நடந்திருப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். நீர் வடிந்த மணலில் வரிவரியாக மேடும் பள்ளமும் பரந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். குனிந்து பார்த்தால் அப்படி இராது. ஒரு வரி போய்க்கொண்டே இருந்து சட்டென்று நின்றுவிடும். இன்னொன்று இரண்டாகக் கிளைக்கும். எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் கிளைக்கிறது என்பது காற்று, நீரோட்டம், மணல் ஆகியவற்றின் அந்த நேரத்துச் சேர்க்கையைப் பொறுத்தது. நாளைக் காலை மறுபடியும் வரிகள் இருக்கும். ஆனால் முடிவுகளும் கிளைகளும் இன்று இருந்த இடத்தில் இருக்காது.

விரல்வரிகளும் ஏறத்தாழ இவ்வாறே உருவாகின்றன. தாயின் வயிற்றில் கரு பத்து வார அளவில் இருக்கும்போது, மேல்தோலின் அடிப்பகுதி தனக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளைவிட வேகமாக வளர்ந்து, இடம் போதாமல் நெளிகிறது. அந்த நெளிவுகளே முகடுகளாகின்றன. வரிகளின் பொதுவான போக்கில் பெற்றோர் வழி வந்த பண்புகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஒரு வரி எங்கே முடியும், எங்கே கிளைக்கும் என்பதை விரலின் அந்த நேரத்து அளவு, அழுத்தம், கருப்பைக்குள் இருந்த நிலை போன்ற தற்செயல்களே தீர்மானிக்கின்றன. அதனால்தான் மரபணுவில் ஒன்றாகவே இருக்கும் ஒரே சாயல் இரட்டையருக்கும் ரேகை வேறுபடுகிறது. ஒரே மனிதரின் பத்து விரல்களும்கூடப் பத்து விதமாக இருக்கின்றன.

மணல்வரியுடன் ஒப்பிட்டதில் ஒரு பெரிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மணல்வரி அடுத்த ஓதத்தில் அழிந்துவிடும். விரல்வரி ஆறாம் மாதத்துக்குள் நிலைபெற்று, பிறகு விரல் வளர்ந்தாலும் அமைப்பு மாறாமல் நீடிக்கும். அதன் அச்சு மேல்தோலின் அடியில் இருப்பதால், மேலே தேய்ந்தாலும் உரிந்தாலும் சில வாரங்களில் அதே அமைப்பு மீண்டும் மேலே எழும்பி வருகிறது. ஆழமான வெட்டுக்காயமோ தீக்காயமோ அந்த அடி அடுக்கையே தாக்கினால்தான் நிரந்தரத் தழும்பு விழுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ரேகை என்பது முகடுகளும் பள்ளங்களும் கொண்ட ஒரு வரைபடம்; அதில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுபவை முகடு முடியும் இடங்களும் கிளைக்கும் இடங்களும். அந்த இடங்களை இனி நுண்புள்ளிகள் என்று குறிப்பிடுகிறேன்.

டம்ளரில் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை

கண்ணாடி டம்ளர் ஒன்றில் முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, விரல்களைச் சற்று ஈரப்படுத்திக்கொண்டு, டம்ளரை இறுகப் பிடியுங்கள். இப்போது மேலிருந்து, தண்ணீரின் ஊடாக, உட்சுவரைச் சாய்வாகப் பாருங்கள். சுவர் முழுவதும் வெள்ளி பூசியதுபோல் பளபளக்கும். விரல் பட்ட இடத்தில் மட்டும் வரிவரியாக உங்கள் ரேகை தெளிவாகத் தெரியும். ரேஷன் கடைக் கருவிக்குள் நடப்பது இதேதான். படித்துவிட்டு நகராமல் ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், மீதிக் கட்டுரை பாதி புரிந்த மாதிரி.

சுவர் ஏன் பளபளக்கிறது? தண்ணீருக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் செல்லும் ஒளி, வெளியே இருக்கும் காற்றை மிகவும் சாய்வாகச் சந்தித்தால், வெளியேற முடியாமல் முழுவதுமாக உள்ளேயே திரும்பிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். பாசி எடுக்க முங்குகிறவர்கள் முகக்கண்ணாடியோடு கீழிருந்து சாய்வாக மேலே பார்க்கையில், கடலின் மேற்பரப்பு ஆகாயத்தைக் காட்டாமல் அடியில் கிடக்கும் பாறையையே கண்ணாடிபோல் காட்டுவதும் இதனால்தான். டம்ளரில் முகடு அழுந்தும் இடத்தில் காற்று இல்லை, தோல் இருக்கிறது. ஒளி திரும்பாமல் தோலுக்குள் போய்ச் சிதறிவிடுவதால் அந்த இடம் மங்குகிறது. பள்ளத்தில் மெல்லிய காற்று இடைவெளி இருப்பதால் அங்கே பளபளப்பு அப்படியே நிற்கிறது.

கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் இருக்கும், சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும் சிறு பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒளிவழிக் கருவிகள்தாம். உள்ளே ஒரு கண்ணாடிப் பட்டகம், ஒரு விளக்கு, ஒரு சிறு கேமரா. கேமரா பொதுவாக ஓர் அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற அளவில் படமெடுக்கிறது. அதாவது ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். முகட்டுக்கு முகடு அரை மில்லிமீட்டர் என்று பார்த்தோமே, அந்த அரை மில்லிமீட்டருக்குள் பத்துப் புள்ளிகள் விழுகின்றன. வரி எங்கே நிற்கிறது, எங்கே கிளைக்கிறது என்று கண்டுகொள்ள இது போதும்.

கைப்பேசியின் பக்கவாட்டுப் பொத்தானில் கண்ணாடிப் பட்டகத்துக்கு இடமில்லை. அங்கே மின்தேக்க முறை பயன்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண் தகடுகள் கட்டம் கட்டமாகப் பதிக்கப்பட்டிருக்கும். தோலும் ஓரளவு மின்சாரத்தைக் கடத்துவதால், விரல் நெருங்கியதும் ஒவ்வொரு தகடும் விரலும் சேர்ந்து மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு சோடியாகிவிடுகின்றன. முகடு அருகில் இருப்பதால் அதன் கீழுள்ள தகடு கூடுதலாகத் தேக்கும். பள்ளம் சற்று விலகியிருப்பதால் அதன் கீழுள்ளது குறைவாகத் தேக்கும். எந்தத் தகட்டில் எவ்வளவு என்று அளந்து வரிசைப்படுத்தினால் ரேகைப் படம் கிடைத்துவிடும். ஆப்பிள் நிறுவனம் 2013-ல் ஐபோன் 5எஸ் மாதிரியில் இதை வைத்த பிறகுதான் கைப்பேசியில் விரல் வைத்துத் திறப்பது உலகெங்கும் பரவியது.

மூன்றாவது முறை விசைப்படகில் போகிறவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். படகின் எக்கோ சவுண்டர் கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கொண்டு ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிறது அல்லவா? காதுக்குக் கேட்காத ஒலியை விரலை நோக்கி அனுப்பி, முகட்டிலிருந்து வரும் எதிரொலியையும் பள்ளத்திலிருந்து வரும் எதிரொலியையும் பிரித்தறிவது மீயொலி முறை. சாம்சங் 2019-ல் கேலக்ஸி எஸ்10 கைப்பேசியில் திரைக்கு அடியில் இதைப் பொருத்தியது. திரைக்கு அடியில் விரல் வைக்கும் எல்லாக் கைப்பேசிகளும் மீயொலி வகை என்று எண்ண வேண்டாம். விரல் வைத்ததும் திரையில் அந்த இடம் பளிச்சென்று எரிந்தால் அது ஒளிவழிக் கருவி.

மூன்று முறைகளும் வெவ்வேறு வழியில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எந்த இடத்தில் தோல் தொடுகிறது, எந்த இடத்தில் தொடவில்லை? கேள்வி இவ்வளவு எளியது என்பதால்தான், தொடுதல் சரியில்லாமல் போனால் விடையும் உடனே கெட்டுவிடுகிறது.

படம் புள்ளிகளாவது

கருவி நம் விரலைப் படமெடுத்து, ஏற்கெனவே இருக்கும் படத்தின் மேல் வைத்துப் பார்க்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒருவர் விரலும் ஒருநாளும் பொருந்தாது. தோல் ரப்பர்போல் நெகிழக்கூடியது. ஒவ்வொரு முறையும் வேறு அழுத்தத்தில், வேறு சாய்வில், வேறு பகுதியை வைக்கிறோம்.

அதனால் மென்பொருள் படத்தைச் சுத்தப்படுத்தி, முகடுகளை ஒற்றைக் கோடுகளாக மெலிய வைத்து, நுண்புள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று விவரங்கள் குறிக்கப்படுகின்றன: எங்கே இருக்கிறது, முடிவா கிளையா, அந்த இடத்தில் வரி எந்தத் திசையில் போகிறது. நன்றாகப் பதிந்த விரலில் இப்படிப் பல பத்துப் புள்ளிகள் கிடைக்கும். இந்த எண்களின் பட்டியலுக்கு வார்ப்புரு என்று பெயர்.

இரவில் கடலில் இருப்பவர்கள் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுகொள்வதை நினைத்துப் பாருங்கள். மாலையில் ஒரு சாய்வில் நிற்கும். விடியலுக்குள் வேறு சாய்வுக்கு வந்துவிடும். ஒன்றிரண்டு விண்மீன்களை மேகம் மறைத்திருக்கலாம். இருந்தாலும் ஏழில் ஐந்து தெரிந்தால், அவற்றுக்கிடையே உள்ள தூரமும் கோணமும் நமக்குக் காட்டிக் கொடுத்துவிடும். வார்ப்புருக்களை ஒப்பிடும் மென்பொருளும் இப்படித்தான் ஒரு புள்ளிக் கூட்டத்தைச் சுழற்றியும் நகர்த்தியும் மற்றொன்றின் மேல் பொருத்திப் பார்த்து, எத்தனை புள்ளிகள் இசைகின்றன என்று எண்ணுகிறது.

கைப்பேசியில் இந்த வார்ப்புரு கைப்பேசியின் தனிப்பட்ட பாதுகாப்புப் பகுதியிலேயே தங்கிவிடும். ஆதாரில் அப்படியன்று: பதிவு மையத்தில் எடுத்த பத்து விரல் ரேகையும் இரு கருவிழிப் படமும், மற்றவர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டு மையத் தரவகத்துக்குச் சென்றுவிடுகின்றன. கடையில் விரல் வைக்கும்போது ஒப்பிடுதல் நடப்பதும் அந்தத் தரவகத்தில்தான், கடைக் கருவிக்குள் அல்ல. கடற்கரை ஊர்களில் இணையச் சமிக்ஞை இழுபறியாக இருக்கும் நாட்களில் விரல்மேல் பழிபோடப்படுவது உண்டு. திரையில் வந்த செய்தி ரேகை பொருந்தவில்லை என்கிறதா, இணைப்பு இல்லை என்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எவ்வளவு ஒத்திருந்தால் போதும்?

பெரியம்மாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒப்பிட்டு முடித்த மென்பொருளிடம் "ஆம், இவர்தான்" என்றோ "இல்லை" என்றோ ஒரு விடை இருப்பதில்லை. அதனிடம் இருப்பது ஒரு மதிப்பெண் மட்டுமே: இந்த இரண்டு புள்ளிக் கூட்டங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதற்கான எண். அந்த எண் எதற்கு மேல் இருந்தால் ஏற்றுக்கொள்வது என்ற வரம்பை முன்கூட்டியே வைத்தவர்கள் மனிதர்கள்.

வரம்பை எங்கே வைப்பது என்பது வலைக்கண்ணின் அளவைத் தீர்மானிப்பது போன்ற சிக்கல். கண்ணைச் சிறிதாக்கினால் வேண்டாத குஞ்சும் கூளமும் ஏறும். பெரிதாக்கினால் வேண்டிய மீனும் நழுவும். வரம்பைத் தாழ்த்தினால் வேறொருவர் விரலையும் ஏற்றுக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. உயர்த்தினால் உரியவரையே திருப்பியனுப்பும் தொல்லை கூடுகிறது. முன்னதைத் தவறான ஏற்பு என்றும் பின்னதைத் தவறான மறுப்பு என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஒருசேரச் சுழியமாக்கும் கருவி எங்கும் இல்லை. ஒரு விரல் மட்டும் பதிந்துவைத்த கைப்பேசி அயலார் ஒருவரின் விரலுக்குத் திறந்துவிடும் வாய்ப்பு 50,000-ல் 1 என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே, கடையில் வந்த சிவப்புச் செய்தியின் பொருள் "நீங்கள் நீங்களில்லை" என்பதன்று. "இந்த முறை எனக்குக் கிடைத்த படத்தில் வரம்பைத் தாண்டும் அளவுக்குப் புள்ளிகள் தேறவில்லை" என்பதுதான்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே குறித்துவிடலாம். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு விரல் வைக்கும்போது, அந்த எண்ணுக்குரியவரின் பதிவோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள், இது சரிபார்த்தல். கொள்ளை நடந்த வீட்டு அலமாரியில் எடுத்த ரேகையை யாருடையது என்று தெரியாமல் எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிடுவது அடையாளம் காணல். முன்னது ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து முகம் பார்ப்பது. பின்னது திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடுவது. ஆதார் பதிவின்போது ஒருவர் இரண்டு எண் பெற்றுவிடாமல் தடுக்க இரண்டாவது வகைத் தேடலும், பிறகு கடையில் முதல் வகையும் நடக்கின்றன.

நம் கரையின் விரல்கள்

கருவிகளைச் சோதிக்கும் இடங்களில் விரல்கள் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். நம் கரையின் விரல்கள் வேறு. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கிறவர்கள் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். அப்படியும் பாறையின் கூர்முனை கிழிக்காமல் விடுவதில்லை. நைலான் கயிற்றை இழுத்து இழுத்து நுனி மழுங்கிய கை, வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரும் கை, ஐஸில் புதைத்த நண்டையும் இறாலையும் பிரிக்கும் கை, பனையேறியின் கை என ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு.

தேய்ந்த விரலில் முகடு உயரம் குறைந்திருக்கும். முகட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாததால் படம் வெளுத்துப்போகும். வெட்டுத் தழும்புகள் வரிகளைக் குறுக்காக அறுத்து, இல்லாத முடிவுகளைப் புதிதாக உண்டாக்கும். மென்பொருள் அவற்றையும் நுண்புள்ளிகள் என்று எண்ணி ஏமாறும். உப்பும் சுண்ணாம்பும் சிமெண்டும் ஐஸும் தோலை உலர வைக்கும்; உலர்ந்த முகடு கண்ணாடியை ஒட்டாமல் அங்கங்கே தொட்டுத் தொட்டு நிற்பதால் முழு வரி புள்ளிக்கோடாகிவிடும். முதுமையில் தோலின் நெகிழ்வும் ஈரமும் குறைவதால் இதே நிலை வயல் வேலை செய்யாத, கடல் வேலை செய்யாத விரலுக்கும் வருகிறது.

ஈரம் கூடினாலும் தொல்லைதான். பள்ளங்களில் நீர் நிரம்பினால், தொடும் இடம் தொடாத இடம் என்ற வேறுபாடே மறைந்து படம் கறுத்துவிடும். நெடுநேரம் நீரில் இருந்த விரல் சுருங்குவதைத் தண்ணீரில் ஊறியதால் என்று சொல்கிறோம். உண்மையில் நரம்புகளின் கட்டளையால் விரலுக்குள் இரத்தக் குழாய்கள் இறுகுவதே அதற்குக் காரணம். நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் நீரில் கிடந்தாலும் சுருங்காது. சுருங்கிய விரலில் புதிய மடிப்புகள் குறுக்கே விழுந்திருப்பதால், பாசிக்குப் போய்விட்டுக் கரையேறிய கையோடு கடைக்குப் போவது நல்லதன்று; சற்று நேரம் உலரவிட்டால் விரல் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

தலையில் தேய்த்து வைக்கச் சொல்லும் விற்பனையாளரின் வழக்கத்துக்கும் நல்ல காரணம் உண்டு. விரல் நுனியில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய இருந்தாலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. நெற்றியிலும் தலையிலும் உள்ள எண்ணெய்ப் பசை உலர்ந்த முகட்டில் ஒட்டிக்கொண்டால், அது கண்ணாடியை நன்றாகக் கவ்வும். விரல் ஏற்கெனவே ஈரமாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. அப்போது தேவை ஓர் உலர்ந்த துணி. கருவியின் கண்ணாடியைத் துடைப்பதும் சேர்த்துத்தான். முன்னால் வைத்த இருபது பேரின் எண்ணெய்த் தடமும் அதன்மேல் கிடக்கும். விரலின் கூர்நுனியை ஊன்றாமல், முதல் கணுவின் சதைப்பகுதி நடுவில் படும்படி, நசுக்காமல் வைக்க வேண்டும். அழுத்தினால் நன்றாக விழும் என்பது பரவலான நம்பிக்கை. அதிகம் அழுத்தினால் முகடுகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதே நடைமுறை.

சுருக்கமாக: விரல் விழாததற்குப் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. முகடு தேய்ந்திருக்கிறது, அல்லது ஈரம் கூடியோ குறைந்தோ இருக்கிறது, அல்லது வைத்த விதம் சரியில்லை. பின்னிரண்டையும் அங்கேயே திருத்தலாம்.

எங்கெல்லாம் விரல் வைக்கிறோம்

கைநாட்டு என்ற சொல்லை எழுத்தறியாதவரைக் குறிக்கும் ஏளனமாக நாம் பயன்படுத்தி வந்தோம். இப்போது படித்தவர்கள்தாம் நாளுக்கு ஐம்பது முறை கைநாட்டு வைத்துக் கைப்பேசியைத் திறக்கிறார்கள். இதன் தொடக்கமும் இந்த நாட்டில்தான். வங்காளத்தில் 1858-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை ஒப்பந்தத் தாளின் பின்புறம் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அங்கே பணியாற்றிய அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இருவர். முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது.

நம் மாவட்டத்துக்கு ரேகை வந்த விதம் கசப்பானது. 1911-ல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கத்து முதியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். பட்டியலிடப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக மக்களிடம் ரேகை வாங்கினார்கள். அதற்கு மறுத்து எதிர்த்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. ரேகை கேட்டால் இன்றும் சில பெரியவர்கள் முகம் சுளிப்பதற்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்று பயன்படும் இடங்கள் பெரும்பாலும் அன்றாட இடங்கள். ரேஷன் கடைகளில் தமிழ்நாட்டில் 2020 முதல் விரல் வைக்கும் முறை வந்தது. வங்கிக் கிளை இல்லாத ஊரில் ஆதாரில் கை வைத்துப் பணம் எடுப்பது, புதிய சிம் அட்டை வாங்குவது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது, ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதை உறுதி செய்யும் ஜீவன் பிரமாண் சான்று, அலுவலக வருகைப் பதிவு என நீளும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வளைகுடா செல்கிறவர்களுக்கு விசா மையத்திலும் அங்கே விமானம் இறங்கியதும் விரல் வைப்பது பழகிப்போன ஒன்று. காவல்துறைக்கு நாடளாவிய தேடலுக்காக நாஃபிஸ் என்ற தரவகம் 2022-ல் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஆதாரில் ரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். வரிகளின் அமைப்பு மாறாவிட்டாலும் பிஞ்சு விரலின் முகடுகள் கருவிக்குப் பிடிபடாத அளவு நெருக்கமானவை என்பதே காரணம்.

போலி விரலும் பூட்டும்

கடவுச்சொல்லை யாராவது தெரிந்துகொண்டால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. அதே நேரத்தில் தொடும் டம்ளரிலெல்லாம் அதை விட்டுவிட்டும் வருகிறோம். தெலங்கானாவில் 2018-ல், பதிவுத்துறை இணையதளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களின் ரேகைகளிலிருந்து ரப்பர் அச்சு செய்து சிம் அட்டைகளைச் செயல்படுத்திய ஒருவர் பிடிபட்டார். இதுபோன்ற அச்சுகளைக் கொண்டு வங்கிக் கணக்கில் பணம் எடுத்த வழக்குகளும் வந்தன.

இதைத் தடுக்க, வைக்கப்பட்டது உயிருள்ள விரல்தானா என்று பார்க்கும் உயிர்ப்புச் சோதனையைக் கருவிகளிலும் தரவகத்திலும் சேர்த்து வருகிறார்கள். நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ ரேகையையும் கருவிழியையும் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும்வரை அச்சு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் செல்லாது. தேவைப்படும் நேரத்தில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். மாதாமாதம் விரல் வைத்துப் பொருள் வாங்குகிறவர்கள் கடைக்குப் புறப்படுமுன் திறக்க மறந்தால், அன்றைக்கும் ரேகை விழாது. அதற்குப் பெரியம்மா என்னைத்தான் திட்டுவார்.

கடையில் எந்த விரலும் விழவில்லை என்றால்

அட்டையில் பெயருள்ள வேறு ஒருவர் விரல் வைக்கலாம். கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேட்கலாம். பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கொண்டும் வாங்கலாம். நடமாட முடியாத முதியவர்கள் தங்கள் சார்பில் வேறொருவரை அனுப்ப எழுத்து மூலமான அங்கீகாரப் படிவம் இருக்கிறது. ரேகை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையம் 2017-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. தொடர்ந்து சில மாதங்கள் விழவில்லை என்றால், ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதே வழி. அதற்கு முன் இரண்டு மூன்று வாரம் கடலுக்குப் போகாமல், தேங்காயெண்ணெய் தடவி விரலைப் பேணினால் முகடு ஓரளவு எழும்பி, பதிவும் தெளிவாக அமையும். மீன்பிடித் தடைக்காலம் அதற்குத் தோதான நேரம்.

பெரியம்மாவை இந்த ஆண்டு மே மாதம் அப்படித்தான் அழைத்துப்போனோம். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில், பாசி பிய்க்க அதிகம் பயன்படாத இடது மோதிரவிரல்தான் எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்தது. இப்போதெல்லாம் கடை வரிசையில் நிற்கும்போதே அந்த ஒரு விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டிருக்கிறார், "எந்த விரல்?" என்று கேட்க வாய் திறக்குமுன் அதை நீட்டிவிடுகிறார்.